முட்டைக்குத் தேவைப்பட்ட ஈரம்

பிரிட்டனின் வெட்டுக்கிளிகளில் உருவத்தில் பெரியது பெருஞ்சதுப்பு வெட்டுக்கிளி. மஞ்சளோடிய பச்சை உடல், பின்தொடையின் அடியில் சிவப்புக் கோடு. ஆண் பூச்சி மற்ற இனங்களைப் போல் காலை உரசிப் பாடாது. பின்காலைச் சட்டென்று உதறி ‘டிக், டிக்’ என்று சொடுக்கும். கேம்பிரிட்ஜ்ஷயர், நார்ஃபோக் பக்கத்து ஃபென் எனப்படும் சதுப்புகளில் ஒருகாலத்தில் வாழ்ந்த இப்பூச்சி, இங்கிலாந்தில் தெற்கே நியூ ஃபாரஸ்ட், டார்செட் சதுப்புகளில் மட்டும் தாக்குப்பிடித்தது. சதுப்பு வயலானது, பூச்சி போயிற்று என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் கதை. உழாமல் விட்டுவைத்த துண்டுகளிலும் அது மிஞ்சவில்லையே?

கோடை முடிவில் பெண் பூச்சி புல்லின் தூரில் முட்டையிடுகிறது. குஞ்சு வெளிவர அடுத்த மே கடைசியாகிவிடும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணோடு ஒட்டிக் கழிக்கும் அந்த முட்டை காய்ந்தால் செத்துவிடும். ஃபென்னில் நடந்ததோ நூற்றாண்டுக் கணக்கில் காயவைக்கும் வேலை. 1630களில் பெட்ஃபோர்ட் பிரபுவும் கூட்டாளிகளும் பணம் போட, டச்சுக்காரர் கார்னீலியஸ் வெர்முய்டன் கால்வாய் வெட்டினார். நீர் வடிந்ததும், பாதி மட்கிய செடிகொடிகளாலான பீட் மண் சுருங்கியது, காற்றுப்பட்டுச் சிதைந்தது. நிலம் ஆற்றைவிடத் தாழ்ந்ததால் காற்றாலை வைத்து இறைத்தார்கள். பிறகு நீராவி இயந்திரம். 1851இல் விட்டில்சி மீர் என்ற பெரிய ஏரியையே வற்றவைத்தார்கள். அருகில் ஹோம் ஃபென்னில் அக்காலத்தில் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது! இப்பகுதியின் விக்கன் ஃபென் சதுப்பில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 1899இல் நிலம் வாங்கிக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் சுற்றிலுமுள்ள வயல்கள் தாழத் தாழக் காப்பகம் மேடாகி, அதன் நீர் வெளியே கசிந்தது.

நாணல் அறுப்பும் பீட் தோண்டலும் நின்று புதர் மண்டியதே காரணம் என்பாரும் உண்டு. இதைத் தள்ளிவிட முடியாது. நியூ ஃபாரஸ்டில் ஊர்ப் பொது மேய்ச்சல் உரிமையுள்ளவர்களின் குதிரைகளும் மாடுகளும்தான் சதுப்பைத் திறந்த வெளியாக வைத்திருக்கின்றன. ஆனால் புதர் விரைந்து ஏறுவது பெரும்பாலும் நீர் இறங்கிய இடத்தில்தான். ஐரோப்பாவில் இதே பூச்சி ஆண்டுதோறும் அறுக்கும் ஈரப் புல்வெளிகளில்கூட வாழ்கிறது. அறுவடையைத் தாங்குகிறது, வறட்சியைத்தான் தாங்குவதில்லை. ஐரோப்பாவில் இருக்கும் பூச்சிக்காக, சோறு போடும் மண்ணை ஏன் நனைக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் வடித்த பீட் அப்படியே இருக்கும் மண் அல்ல. ஆண்டுதோறும் சிதைந்து கரியமில வாயுவாகப் போகிறது. நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தினால் அந்த இழப்பும் குறையும், உழவருக்கும் இன்னும் சில தலைமுறை மண் மிஞ்சும். நார்ஃபோக்கில் 2018 முதல் சிட்டிசன் ஜூ அமைப்பின் தன்னார்வலர்கள் வீட்டிலேயே இப்பூச்சியின் குஞ்சுகளை வளர்த்துச் சதுப்பில் விடுகிறார்கள். வளர்ப்பதில் பெரிய சிக்கலில்லை. விட்ட இடத்தில் அடுத்த மே வரை நீரை நிறுத்திவைப்பதற்கு மதகும் கரையும் பக்கத்து நிலக்காரரின் சம்மதமும் வேண்டியிருக்கின்றன.