பெருங்களத்தூர் காரின் கியர்பாக்ஸ்

பி.காம். படிக்கிறவனுக்கு கியர்பாக்ஸோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. சேலையூர்க்காரனான எனக்கே, பக்கத்துப் பெருங்களத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது கல்லூரி வந்த பிறகுதான் தெரியும். இன்று அங்கே ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும்.

ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1961-ல் கொண்டுவந்த கார் ஹெரால்டு. 948 சி.சி. என்ஜின். பின்னாளில் நான்கு கதவு வைத்த ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்தில்கூட அது கிடையாது!

நான் சொல்ல வந்தது அதன் கியர்பாக்ஸ் பற்றி. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை. வண்டி முழுசாக நிற்பதற்குள் போட்டால் "கர்ர்..." என்று கத்தும், பல் தேயும். ஆனால் கழற்றுவது சுலபம். வண்டிக்கு அடியில் படுக்கவே வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கால் வேலை உள்ளே உட்கார்ந்தே முடியும். முன்சீட்டை எடுத்து, நடுவில் இருக்கும் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கியர்பாக்ஸ் கண்முன்னே. என்ஜினுக்குக் கீழே கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளை எடுத்து, பின்னால் இழுத்து கதவு வழியாகவே வெளியே தூக்கலாம். இரண்டு பேர் போதும். புதுக் காருக்கு வருடக்கணக்கில் காத்திருந்த பெர்மிட் காலம் அது. பழசை ஓட்டித்தான் ஆகவேண்டும். (எங்கள் கணக்குப் பாடத்தில் தேய்மானம் போட்டு பூஜ்ஜியமாக்கிவிடுவோம், அது வேறு கதை.)

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-லேயே ஹைட்ராமேட்டிக்கை கொண்டுவந்துவிட்டது. 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. அதை வீட்டு வாசலில் மாற்ற முடியுமா? ஆசைப்படலாம். கியர்பாக்ஸே பெரிய பாரம், கீழிருந்துதான் இறக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது டார்க் கன்வெர்ட்டர் ஆயில் பம்ப்பில் சரியாக உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். பழையதன் இரும்புத்தூள் கூலர் குழாயில் தங்கியிருந்தால் புதியதும் போச்சு. எல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசியில் கம்ப்யூட்டரை மாட்டி அதற்குப் புது கியர்பாக்ஸைப் பழக்க வேண்டும்.

பெருங்களத்தூர் ஆலை 1988-ல் நின்றது. அதற்குப் பிறகும் ஹெரால்டுகள் ஓடின, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தயவில். அதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. சர்வீஸ் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆட்டோமேட்டிக் ஈகோஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாக்குறுதிதான் ஸ்பானர்.