மூட்டைக்கு 55 கிலோ, நோயாளிக்கு?

மாப்பிள்ளையூரணியில இருந்து பேசுறேன். எங்க கரையோட வரலாறே பாரத்தோட வரலாறுதான். முத்துக்குளிக்கிறவர் கல்லோட கடலுக்குள்ள இறங்குவார். தோணியில நிக்கிறவர் கயித்தைப் பிடிச்சு மேல இழுப்பார். முத்தைப் பத்திப் பேசுறோம், அந்த இழுத்தவர் முதுகைப் பத்திப் பேசுறதில்லை.

பிறகு துறைமுகம், மூட்டை. 1967-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சுமைக்கு ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. கூடவே வந்த பரிந்துரை: ஆண் தொழிலாளிக்கு அதிகபட்சம் 55 கிலோ. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010-ல். 43 வருஷம்!

இதை ஏன் சொல்றேன்னா, ஆஸ்பத்திரி வார்டிலயும் தினமும் பாரம் தூக்குறாங்க. மூட்டை அசையாது. நோயாளி வலியில திமிறுவார், பயத்துல நர்ஸ் கழுத்தைப் பிடிச்சுத் தொங்குவார். அவங்களுக்கு நாம சொல்றது, "முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து." பெட்டி தூக்க அது சரி. 2007-ல் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் கணக்குப் போட்டார்: நோயாளியைக் கையால தூக்க, எல்லாம் சாதகமா இருந்தாலே சுமார் 16 கிலோதான் வரம்பு. 70 கிலோ ஆளோட ஒரு கால் மட்டுமே 11 கிலோ வரும்!

துறைமுகத்துல கண்டெய்னரை கிரேன் தூக்குது. நிறைய வார்டுல இன்னும் நாலு பேர் போர்வையோட நாலு மூலையைப் பிடிச்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னுதான் தூக்குறாங்க.