கற்பிட்டியிலிருந்து போன கட்டுரை

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கற்பிட்டி வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, கைபேசியில் இணையவழி மாநாட்டின் படிவத்தை நிரப்பினேன். நேரலைப் பேச்சா, பதிவுசெய்த காணொளியா, சுவரொட்டியா? புத்தளம் களப்பின் கடற்புல்லைப் பற்றிச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம்.

நேரில் போகாமல் கட்டுரையை மட்டும் அனுப்புவது என்றதும் எங்கள் ஊர் சைமன் காசிச்செட்டி நினைவுக்கு வந்தார். 1807இல் இங்கே பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் அடுக்கி, 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். பரவர் வரலாறு பற்றிய அவரது கட்டுரை 1837இல் லண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் அச்சேறியது. கழகத்தின் இலங்கைக் கிளை கொழும்பில் தொடங்கியதோ 1845இல்தான்.

அந்தக் காலத்து அறிஞர் சபைகளில், வர முடியாதவரின் கட்டுரையை வேறொருவர் எழுந்து வாசிப்பது வழக்கம். குரல் இரவல், சந்தேகம் கேட்டால் விளக்க எழுதியவர் பக்கத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு வரியும் தானே நின்று பேச வேண்டும்.

நான் காணொளியைத் தேர்ந்தேன். கரண்ட் வந்த நடுச்சாமத்தில் பதிவுசெய்தேன். பின்னணியில் கடற்காற்று. அதை அழிக்கவில்லை.