"சேர், தமிழ் போய்ட்டு" – கணினியோடு சேர்ந்து விழிப்பவற்றின் கதை

 

திருத்தக் கொடுத்த கம்பியூட்டர் திரும்பி வந்ததும் நமது அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் முதலில் கேட்கிற பேச்சு இதுதான்: "சேர், தமிழ் போய்ட்டு." தமிழ் எங்கும் போகவில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது, கணினி எழும்பும்போதே தானாக எழும்ப வேண்டிய ஒரு சின்ன மென்பொருள் அழிந்துவிட்டது. மீண்டும் போட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் ஆங்கிலம் ஒருபோதும் இப்படிப் "போவதில்லையே", அது ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அதற்கு விடை சொல்லி முடிக்க எங்களால் ஏலாது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

சுவிட்சைப் போட்ட கணத்தில் கணினிக்கு எதுவும் தெரியாது. பலகையில் பதித்த சிப் ஒன்றில் உள்ள சிறு நிரல் முதலில் ஓடும். அது வட்டின் முதல் துண்டைத் தேடிப் படிக்கும். அந்தத் துண்டு பணிசெயல் முறைமையைக் கூட்டிவரும். பணிசெயல் முறைமை வந்து அமர்ந்த பிறகு, "இன்று யார் யாரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்?" என்று ஒரு பட்டியலைப் பார்க்கும். நமது கதை அந்தப் பட்டியலைப் பற்றியது.

டொஸ் காலத்தில் அந்தப் பட்டியலின் பெயர் 'ஓட்டோஎக்ஸெக்'. ஆங்கிலத்தில் சரியாக எட்டு எழுத்து, ஏனென்றால் அன்று கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. அது வெறும் எழுத்துக் கோப்பு. அதில் வரிவரியாக எழுதிவைத்த கட்டளைகளை, நாமே விசைப்பலகையில் அடித்ததைப் போல இயந்திரம் ஒவ்வொன்றாக நிறைவேற்றும். சில நிரல்கள் வந்த வேலை முடிந்தும் போகாமல் நினைவகத்திலேயே குந்திவிடும். 1984இல் வந்த போர்லண்ட் நிறுவனத்தின் 'சைட்கிக்' அந்த வகையில் பேர்போனது. எந்த நேரமும் ஒரு விசையைத் தட்டினால் கல்குலேட்டரும் நாட்குறிப்பும் மேலே வரும். ஆனால் மொத்த இடமே 640 கிலோபைட். ஒருவர் குந்தினால் மற்றவருக்கு இடம் குறையும்.

ஆங்கில எழுத்துகள் திரை அட்டையின் சிப்பிலேயே பதிந்திருந்தன. அவற்றைக் கூப்பிடத் தேவையில்லை. தமிழ் வேண்டுமென்றால், நாம் போட்ட ஒரு நிரல்தான் அதைக் கொண்டுவர வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கிய காலத்தின் நிலை இது. ஆங்கிலம் வீட்டுக்காரர், தமிழ் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டி உள்ளே வரவேண்டிய விருந்தாளி. பிள்ளைகளின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கதவை முதலில் தவறாகப் பயன்படுத்தியவர்களில் நமது பக்கத்து நாட்டவரும் உண்டு. 1986இல் லாகூரில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர்கள், தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி பண்ணுகிறவர்களைப் பிடிக்க என்று ஒரு நிரல் எழுதினார்கள். அதுதான் 'பிரெய்ன்', ஐபிஎம் வகைக் கணினிகளின் முதல் வைரஸ். நெகிழ்வட்டின் முதல் துண்டில், அதாவது பட்டியலுக்கும் முன்னால், பணிசெயல் முறைமைக்கும் முன்னால் அது போய் அமர்ந்துகொண்டது. அதற்குள் தங்கள் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் வேறு எழுதிவைத்தார்கள்! உலகமெல்லாம் இருந்து அழைப்பு வந்ததாம்.

1992இல் வந்த விண்டோஸ் 3.1, 'ஸ்டார்ட்டப்' என்று ஒரு குழுவைக் கொடுத்தது. ஒரு சின்னத்தை இழுத்து அதற்குள் போட்டால் போதும், அடுத்த முறை அது தானாகத் திறக்கும். 1995இல் விண்டோஸ் 95 அதை ஒரு கோப்புறையாக்கியது. கூடவே, சாதாரணமாக யாரும் திறந்து பார்க்காத 'ரெஜிஸ்ட்ரி'க்குள் இரண்டாவது பட்டியல் ஒன்றையும் வைத்தது. எங்கள் கருத்தில் பிழை ஆரம்பித்தது இங்கேதான். கோப்புறை நம் கண்ணுக்குத் தெரியும். ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுதப்படுகிறது என்பது மென்பொருள் செய்தவருக்குத்தான் தெரியும்.

நமது நாட்டில் அந்தக் காலத்தில் பரவியது பாமினி எழுத்துரு. ஏன் பரவியது? பாமினிக்கு எதுவும் தானாகத் தொடங்க வேண்டியதில்லை. எழுத்துருவைத் தெரிவுசெய்தால் தமிழ் தெரியும். கச்சேரிக்குக் கிட்ட இருந்த தட்டெழுத்துக் கடைகள் முதல் பள்ளிவாசல் நிர்வாகம் வரை எல்லோரும் அதில்தான் அடித்தோம். ஆனால் கணினிக்குள் பதிந்தது தமிழே அல்ல. 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். விருந்தாளி உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்தோம். உண்மையில் வந்தவர் தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம்.

யுனிகோட் வந்தபோது தமிழ் தமிழாகவே பதியத் தொடங்கியது. விண்டோஸ் 2000இலேயே வழி இருந்தது. ஆனால் கூடவே வந்த விசைப்பலகை நம் ஆட்களின் கைக்குப் பழக்கமில்லாத இந்திய அரசின் 'இன்ஸ்கிரிப்ட்'. கைக்குப் பழகிய முறை வேண்டுமென்றால் மீண்டும் ஒரு நிரல் தேவை. எ-கலப்பை அப்படி வந்தது. அதன் ஆரம்பப் பதிப்புகளுக்கு அடித்தளம் 'கீமேன்', 1993இல் லாவோ மொழிக்காக எழுதப்பட்ட மென்பொருள். நம்மைப் போலவே கதவடியில் நின்ற இன்னொரு மொழிக்காரருக்குச் செய்தது நமக்கும் உதவியது. பிறகு சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர், பாமினி முறையையும் சேர்த்துக் கொடுத்தது. பாமினியில் பழகிய விரலாலேயே யுனிகோட் அடிக்கலாம் என்றானபோது நமது தட்டெழுத்தாளர்களுக்கு எவ்வளவு நிம்மதி! "விண்டோஸுடன் சேர்ந்து தொடங்கு" என்ற ஒரு சரி அடையாளத்தில்தான் அந்த நிம்மதி முழுவதும் தங்கியிருந்தது.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கணினித் தமிழுக்கான இலங்கைத் தரம் 1326, ரெங்கநாதன் விசைப்பலகையோடு வந்தது 2008இல். இடையில் 21 வருடம். அந்த 21 வருடமும் அலுவலகத் தமிழைச் சுமந்தவை எழுத்துருக்களும் இந்தச் சின்ன நிரல்களும்தான்.

மொழியை விட்டு நேரத்துக்கு வருவோம். இணையம் நமது ஊர்களுக்கு வந்ததும் பலர் ஆசையோடு இறக்கிப் போட்டது பாங்கு சொல்லும் மென்பொருள். கணினியோடு எழும்பி, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஓசையில்லாமல் இருந்து, வக்து வந்ததும் பாங்கு சொல்லும். அகலாங்கு, நெட்டாங்கு, சூரியனின் கோணம், நேர வலயம் இவற்றை வைத்துக் கணக்கிடும். அஸருக்கு ஷாஃபியா, ஹனஃபியா என்று கேட்கும். இதில்தான் நமது நாட்டின் ஒரு வினோதம் குறுக்கிட்டது. 1996 மேயில் மின்சாரத்தைச் சேமிக்க என்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல் பழைய ஐந்தரைக்கே திரும்பினோம். (புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இடையிலும் பழைய நேரத்தையே வைத்திருந்தன.) விண்டோஸ் எக்ஸ்பியோ இலங்கையை ஆறு மணி வலயத்தில்தான் வைத்திருந்தது. வலயத்தை மாற்றாமல் மணிக்கூட்டு முள்ளை மட்டும் அரை மணி பின்னே வைத்தவரின் கணினியில் என்ன நடக்கும்? மென்பொருள் ஆறு மணி வலயத்துக்கே கணக்குப் போடும். 6.10க்குச் சொல்ல வேண்டிய மஃரிப் பாங்கை 6.40க்குச் சொல்லும். தானாகத் தொடங்கும் எதற்கும் இதுதான் இயல்பு: நாம் எப்போதோ கொடுத்த தகவலைச் சரியென்று நம்பி, நம்மிடம் திரும்பக் கேட்காமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

பென்டிரைவ் காலத்தில் இதே கதவால் வேறு சாமான்களும் வந்தன. சொருகிய உடனே தானாக ஓடும் வசதியையும் பிடித்துக்கொண்டு 2008இன் 'கொன்ஃபிக்கர்' உலகமெங்கும் பரவியது. 2011இல் மைக்ரோசொஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. பட்டியலைச் சாதாரண ஆட்கள் பார்க்கும் வழி விண்டோஸ் 98இல் 'எம்எஸ்கொன்ஃபிக்' என்று வந்தது, ஆனால் அறிந்தவர் குறைவு. 2012இன் விண்டோஸ் 8தான் அதை 'டாஸ்க் மனேஜருக்குள்' கொண்டுவந்து, எது எவ்வளவு சுணக்குகிறது என்பதையும் எழுதிக் காட்டியது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கிடைத்த கொஞ்ச நேரத்துக்குள் வினாத்தாள் அடிக்க வேண்டும், பிரதி எடுக்க வேண்டும். பழைய கணினியோ எழும்பவே ஐந்தாறு நிமிடம் எடுக்கும். பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒன்டிரைவ், ஸ்கைப், பிரிண்டர் கொம்பனியின் நினைவூட்டி, என்றோ போட்ட பாட்டு மென்பொருள். நாங்கள் கூப்பிட்டது ஒன்றே ஒன்று, தமிழ் விசைப்பலகை. அதுவோ வரிசையில் கடைசியில் நிற்கிறது.

இப்போது அந்தத் தேவையும் குறைந்துவிட்டது. 2019 மே புதுப்பிப்போடு விண்டோஸ் 10இலேயே ஒலிப்பு முறைத் தமிழ் விசைப்பலகை சேர்ந்துவிட்டது. விருந்தாளிக்கு வீட்டில் ஓர் அறை கிடைத்துவிட்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, 'ஸ்டார்ட்டப்' பகுதிக்குப் போய், வேண்டாததைத் தெரிவுசெய்து 'டிசேபிள்' கொடுங்கள். மென்பொருள் அழியாது, தானாக எழும்பாது, அவ்வளவுதான். பாங்கு மென்பொருளை விட்டுவையுங்கள், ஆனால் நேர வலயம் ஐந்தரையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பக்கம் பள்ளிவாசல்களிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களிலும் மீனவர் சங்கங்களிலும் மூலையில் கிடக்கும் பழைய கணினிகளை ஃபார்மட் பண்ணவோ பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவோ முன்னால் ஒரு சொல் சொல்லுங்கள். சுனாமியிலும் இடம்பெயர்விலும் கடதாசிப் பதிவேடுகளை இழந்த ஊர்கள் நமது. சிலவற்றின் ஒரே பிரதி பாமினியில் அந்த வட்டுகளில் இருக்கலாம். கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுத்து, யுனிகோடுக்கு மாற்றித் தர நாங்கள் தயார். சனிக்கிழமைகளில் பாடசாலைக் கணினி அறையில் இருப்போம். மொனிட்டர் தேவையில்லை, பெட்டியை மட்டும் கொண்டுவாருங்கள்.