கல்கத்தா டிராம்

கொல்கத்தா நகரத் தெருக்களில் பதித்த தண்டவாளங்களில் ஓடும் பயணியர் வண்டிச் சேவை. இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே டிராம் அமைப்பு இதுதான். மின்சார டிராமில் சென்னை கொல்கத்தாவுக்கு ஏழாண்டு முந்தியது (1895). ஆனால் சென்னையில் 1953இல் சேவை நின்றுபோனது.

முதல் குதிரை டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தா முதல் ஆர்மேனியன் படித்துறை வரை, சுமார் 3.9 கி.மீ. தொலைவு ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தப்பட்டது. போதிய பயணிகள் ஏறவில்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் காரணம். ரயிலில் வந்திறங்கும் சரக்கை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லவே இத்தடம் முதலில் எண்ணப்பட்டது என்றும், ஆகவே பயணியரை வைத்து அதை மதிப்பிடுவது சரியாகாது என்றும் கருதுவோர் உண்டு.

1880இல் கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி லண்டனில் பதிவு பெற்றது. அடுத்த சுமார் தொண்ணூறு ஆண்டுகள் நிர்வாகம் இக்கம்பெனியின் கையில் இருந்தது. சியால்தாவிலிருந்து பௌபஜார், டல்ஹௌசி சதுக்கம், ஸ்டிராண்ட் சாலை வழியாக மீட்டர் அகலத் தடம் போடப்பட்டது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு அதைத் தொடங்கிவைத்தார். வண்டியிழுக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்தன. மிதவெப்ப நிலத்தில் வளர்ந்த குதிரைகளுக்கு வங்காளத்துச் சித்திரை வெயில் தாங்கவில்லை, பல மடிந்தன. 1882இல் சௌரங்கியில் நீராவி எஞ்சின்களைச் சோதித்தார்கள், அவை நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியிடம் 166 வண்டிகள், ஏறத்தாழ 1,000 குதிரைகள், 7 நீராவி எஞ்சின்கள், 19 மைல் தடம் இருந்ததாகக் கணக்கு. சராசரியாக ஒரு வண்டிக்கு ஆறு குதிரைகள். அவற்றுக்கான தீவனம், லாயம், லாடம், மருத்துவம் என்று நாள்தோறும் ஆன செலவை எண்ணிப்பார்த்தால் மின்சாரத்துக்கு மாறக் கம்பெனி காட்டிய வேகம் விளங்கும்.

1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடு–கிதிர்ப்பூர் தடத்தில் மின்சார டிராம் ஓடியது. காளிகாட் தடம் ஜூனில் தொடர்ந்தது. மீட்டர் அகலத் தடங்கள் அகலப்படுத்தப்பட்டன. ஹௌராவில் 1905இல் தனித்தடங்கள் வந்தன. 1943 பிப்ரவரியில் புதிய ஹௌரா பாலத்தைக் கடந்த முதல் வண்டி டிராம் என்பர்.

நகரத்தார் நினைவில் பதிந்திருப்பது அக்கால இரட்டைப் பெட்டி. முன்பெட்டி முதல் வகுப்பு. அதில் மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. அதில் விசிறி கிடையாது. கண்டக்டர் கயிற்றை இழுத்து மணியடிப்பார். ஓட்டுநர் தம் மணியைக் காலால் மிதித்து ஒலிப்பார். கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபரில் டிராம் மோதி, எட்டு நாட்களுக்குப் பின் இறந்தார்.

கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை 1953 ஜூலை 1 முதல் ஒரு பைசா, அதாவது காலணா, உயர்த்தியது. இடதுசாரிக் கட்சிகள் எதிர்ப்புக் குழு அமைத்தன. ஹேமந்த பாசு, ஜோதி பாசு ஆகியோர் முன்னின்றனர். பயணிகள் பழைய கட்டணத்தையே நீட்டினர். கைது, தடியடி, வண்டி எரிப்பு என்று மாதம் முழுவதும் நகரம் கொந்தளித்தது. ஜூலை 15 அன்று பொது வேலைநிறுத்தம் நடந்தது. இறுதியில் உயர்வு கைவிடப்பட்டது. காலணாவுக்கு இத்தனை கலவரமா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. தேசப் பிரிவினையால் அகதிகள் குவிந்திருந்த, வேலை கிட்டாத நகரத்தில் அந்தக் காலணாவின் கனம் வேறு. லாபம் லண்டனுக்குப் போகிறது என்ற கோபமும் சேர்ந்திருந்தது.

1967இல் மாநில அரசு நிர்வாகத்தை ஏற்றது. 1976இல் கம்பெனி நாட்டுடைமையாயிற்று. ஹௌராத் தடங்கள் 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. 1985இல் உல்டாடாங்காவுக்கும், 1986இல் ஜோகாவுக்கும் தடம் நீண்டது. இவையே கடைசி விரிவாக்கங்கள். 1992 முதல் கம்பெனி பேருந்துகளையும் ஓட்டியது. 1993இல் ஹௌரா பாலத்து டிராம் நின்றது.

சாலை நெரிசலுக்கு டிராமே காரணம் என்பது காவல்துறையின் நெடுநாள் வாதம். டிராமுக்கென ஒதுக்கப்பட்டிருந்த புல்தரைத் தடங்களை 2000க்குப் பின் காங்கிரீட் பூசிப் பொதுச்சாலையோடு கலந்ததே சேவையைத் தளர்த்தியது என்பது ஆர்வலர் வாதம். பின்னதில் நியாயம் மிகுதி.

2016இல் கம்பெனி மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடு–மைதானம் தடம் தவிர மற்றவை நிறுத்தப்படும் என மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். டிராமைக் காக்கக் கோரும் பொதுநல வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டுள்ளது.