போட்மின் மூரின் கருப்பு மிருகம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பகுதிக்குக் கார்ன்வால் என்று பெயர். அதன் நடுவே சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. அதுதான் போட்மின் மூர். ‘மூர்’ என்பது காடும் இல்லை, வயலும் இல்லை. கருங்கல் பாறைகள், புல்வெளி, புதர்கள், ஆங்காங்கே சதுப்பு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும் மூடுபனி... அவ்வளவுதான். மரங்கள் மிகக் குறைவு. ஆடு மாடு வளர்க்கும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள்.

இந்த நிலத்தில் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆர்தர் மன்னனின் வாளை எறிந்த நீர்நிலை இதுதான் என்று டோஸ்மரி குளத்தைக் காட்டுவார்கள். அதே குளத்து நீரை ஓட்டைச் சிப்பியால் இறைத்து முடிக்கும்படி ட்ரெகீகிள் என்பவனின் ஆவி சபிக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்வார்கள். இந்தப் பழங்கதைகளோடு கடந்த நாற்பது ஆண்டுகளில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. நாயை விடப் பெரியது, கன்னங்கரேல் என்றிருக்கும், நீண்ட வால், மஞ்சள் கண்கள், பூனையைப் போன்ற நடை. பெயர்: ‘போட்மின் மிருகம்’.

அப்படி ஒரு விலங்கு இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி. ‘பார்த்தேன்’ என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லாம் பொய்யர்களா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது.

முன்கதை

பிரிட்டனில் காட்டில் திரியும் பூனை இனம் ஒன்றே ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை. அதுவும் வீட்டுப் பூனையை விடச் சற்றே பெரியது, அவ்வளவே. லின்க்ஸ் என்ற நடுத்தரப் பூனை இனம் அங்கே அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

ஆனாலும் பெரிய பூனையைப் பார்த்ததாகச் சொல்லும் வழக்கம் பழையது. வில்லியம் காபெட் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் 1830-ல் வெளியான தன் பயண நூலில் இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். சிறுவனாக இருந்தபோது சரே பகுதியில் ஒரு பாழடைந்த மடத்தின் அருகே, நடுத்தர நாய் அளவுள்ள பூனை ஒன்று பொந்துமரத்துக்குள் நுழைந்ததைப் பார்த்தாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. கடைசியில் அடிதான் கிடைத்தது. வயது அறுபதைத் தாண்டிய பிறகும் அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை!

1960-களில் அதே சரே பகுதியில் ‘சரே பூமா’ என்ற பெயரில் ஒரு பரபரப்பு கிளம்பியது. 1964 முதல் 1966 வரை இரண்டே ஆண்டுகளில் காடல்மிங் காவல் நிலையத்தின் பதிவேட்டில் 362 தகவல்கள் ஏறின. விலங்கு மட்டும் கிடைக்கவில்லை. 1983-ல் கார்ன்வாலுக்குப் பக்கத்து மாவட்டமான டெவனில், எக்ஸ்மூர் பகுதியில் ஒரு விவசாயி மூன்று மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளை இழந்ததாகச் சொன்னார். அரசு கடற்படைப் பிரிவு வீரர்களையே துப்பாக்கியோடு அனுப்பியது. அவர்கள் மலைச்சரிவுகளில் இரவெல்லாம் பதுங்கிக் கிடந்தார்கள். சில வீரர்கள் பெரிய கருப்பு உருவம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆனால் எதையும் சுட முடியவில்லை.

போட்மின் மிருகம் இந்த வரிசையில் வந்ததுதான். 1980-களில் தொடங்கிய பேச்சு 1990-களில் உச்சத்துக்குப் போனது. ஆடுகளும் கன்றுகளும் கிழிபட்டுக் கிடந்தன. பத்திரிகைகள் புகைப்படங்கள் வெளியிட்டன. வீடியோ கேமரா வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் என்பதால் ஒளிப்படக் காட்சிகளும் சேர்ந்துகொண்டன.

நம்புவதற்கு ஒரு காரணம் இருந்தது

இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. 1970-களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் சிங்கக்குட்டி வாங்கலாம். 1969-ல் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் இரண்டு இளைஞர்கள் ஒரு சிங்கக்குட்டியை வாங்கி நகரத்துக்குள்ளேயே வளர்த்தார்கள். ‘கிறிஸ்டியன்’ என்ற அந்தச் சிங்கம் பிறகு கென்யாவில் காட்டில் விடப்பட்ட கதை உலகப் புகழ் பெற்றது.

1976-ல் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் வந்தது. இனி உரிமம் வேண்டும், காப்பீடு வேண்டும், பாதுகாப்பான கூண்டு வேண்டும். செலவு தாங்காதவர்கள் என்ன செய்திருப்பார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆளில்லாத மேட்டுநிலத்தில் விட்டிருப்பார்கள் என்பதுதான் மக்களின் விளக்கம். அப்படி அயல் விலங்கைத் திறந்துவிடுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1981-ல்தான் வந்தது. ஆக, இடையில் ஐந்து ஆண்டுகள் வாசல் திறந்தே கிடந்தது!

இதற்கு வலுச் சேர்க்கும் நிஜச் சம்பவங்களும் உண்டு. 1980-ல் ஸ்காட்லாந்தின் கேனிக் என்ற ஊரில் ஒரு விவசாயி வைத்த கூண்டில் உண்மையாகவே ஒரு பெண் பூமா சிக்கியது. மனிதர்களிடம் பழகிய விலங்கு அது. வனவிலங்குப் பூங்காவில் சில ஆண்டுகள் வாழ்ந்து இறந்த அதன் பதப்படுத்திய உடல் இன்வெர்னஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் இருந்த இன்னொரு பழைய உடலை ஆராய்ந்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். 1900-களின் தொடக்கத்தில் டெவனில் சுடப்பட்ட அது கனடா நாட்டு லின்க்ஸ்! பல்லின் நிலையைப் பார்த்தால் நெடுநாள் அடைபட்டு வளர்ந்த விலங்காக இருக்க வேண்டும் என்றார்கள். ஆக, தப்பி வந்த பூனைகள் இருந்தது உண்மை.

அரசு நடத்திய விசாரணை

விவசாயிகளின் வற்புறுத்தல் தாங்காமல், 1995 ஜனவரியில் வேளாண் அமைச்சகம் ஓர் அதிகாரபூர்வ விசாரணையைத் தொடங்கியது. ஆறு மாதம் நடந்தது. இறந்த கால்நடைகளின் உடல்கள், கால்தடங்களின் அச்சுகள், புகைப்படங்கள், வீடியோக்கள் எல்லாம் அலசப்பட்டன.

இதில் ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலை மிக எளிமையானது, ஆனால் அருமையானது. புகைப்படத்திலும் வீடியோவிலும் விலங்கு நின்ற அதே இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே இடத்தில் அளவு குறித்த கம்பு ஒன்றை நட்டு, கேமரா இருந்த இடத்திலிருந்தே மறுபடி படம் எடுத்தார்கள். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் விலங்கின் உயரம் தெரிந்துவிடும் அல்லவா? ‘சிறுத்தை’ என்று சொல்லப்பட்டவை தோள் உயரம் ஏறக்குறைய ஓர் அடிதான் இருந்தன. அதாவது கருப்பு நிற வீட்டுப் பூனைகள்!

எடுத்தவர்கள் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நம் கண் ஒரு பொருளின் அளவைத் தனியாக அறிவதில்லை. பக்கத்தில் இருக்கும் மரம், வீடு, ஆள் இவற்றோடு ஒப்பிட்டுத்தான் அறிகிறது. மரமே இல்லாத மூரில் ஒப்பிட என்ன இருக்கிறது? ஐம்பது அடி தூரத்தில் நிற்கும் பூனையை இருநூறு அடி தூரத்தில் நிற்பதாக மனம் எடுத்துக்கொண்டால், அது நான்கு மடங்கு பெரிதாகிவிடும். அந்தி வெளிச்சமும் மூடுபனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பார்த்தவர் பொய் சொல்லவில்லை. கண்ணும் கெட்டுப்போகவில்லை. தூரத்தைக் கணிப்பதில் நேர்ந்த பிழை, அவ்வளவுதான்.

கால்தட அச்சுகள் நாயுடையவை, வீட்டுப் பூனையுடையவை என்று தெரிந்தது. 1995 ஜூலையில் வெளியான அறிக்கை, போட்மின் மூரில் பெரிய பூனை இருப்பதற்குச் சரிபார்க்கக்கூடிய சான்று எதுவும் இல்லை என்றது. கூடவே, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்றது. விஞ்ஞானத்தின்படி நேர்மையான முடிவு. ஆனால் நம்பாதவர்கள் முதல் பாதியை மட்டும் படித்தார்கள், நம்பியவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் படித்தார்கள்.

ஆற்றில் கிடைத்த மண்டை ஓடு

அறிக்கை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூரின் ஓரமாக ஓடும் ஃபோவி ஆற்றில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு மண்டை ஓடு கிடைத்தது. கீழ்த்தாடை இல்லை, ஆனால் மேல்தாடையில் பெரிய கோரைப்பற்கள் இருந்தன. நாடே பரபரப்பானது. அரசின் முகத்தில் கரி பூசப்பட்டுவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதைப் பரிசோதித்தது. முதல் பதில்: ஆம், இது உண்மையான சிறுத்தையின் மண்டை ஓடு. இளம் ஆண் சிறுத்தை. இரண்டாவது பதில்தான் முக்கியம். ஓட்டின் பின்பகுதி நேர்த்தியாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. எலும்பின் மேல் கத்தியால் சுரண்டிய கீறல்கள் இருந்தன. உள்ளே வெப்பமண்டலக் கரப்பான் பூச்சி ஒன்றின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. பிரிட்டனின் குளிரில் வாழ முடியாத பூச்சி அது. ஆக, அந்தச் சிறுத்தை செத்தது ஏதோ ஒரு வெப்ப நாட்டில். தலையோடு கூடிய சிறுத்தைத் தோல் விரிப்பாகக் கப்பலேறி வந்து, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தை அலங்கரித்து, கடைசியில் ஆற்றுக்குப் போயிருக்கிறது.

வேண்டுமென்றே போட்டார்களா, குப்பையாக எறிந்தார்களா? அந்த ஒரு வாரக் கணக்கைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். எப்படியிருந்தாலும், காலனி ஆட்சிக்காலத்தில் வேட்டைப் பொருள்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஒரு நாட்டில் இப்படி ஒரு ‘சான்று’ கிடைத்தது பொருத்தம்தான்.

நிறமும் கணக்கும்

கருஞ்சிறுத்தை என்பது தனி இனம் அல்ல. சாதாரணச் சிறுத்தைதான், ஒரு மரபணு மாற்றத்தால் உடல் முழுதும் கருத்துவிடுகிறது. வெயிலில் நின்றால் உள்ளே புள்ளிகள் மங்கலாகத் தெரியும். உலகச் சிறுத்தைகளில் சுமார் 11 சதவீதமே கருப்பு என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூமாவிலோ கருப்பு நிறம் இதுவரை உறுதி செய்யப்பட்டதே இல்லை. அப்படியென்றால் தப்பிய விலங்குகளில் புள்ளிச் சிறுத்தையும் பழுப்புப் பூமாவும்தான் அதிகம் இருக்க வேண்டும். கருப்புக் குட்டிக்குத் தனி மவுசு இருந்திருந்தாலும் கூட, பிரிட்டனில் வரும் தகவல்களில் பெரும்பாலானவை கருப்பாகவே இருப்பது எப்படி? கருப்பு வீட்டுப் பூனைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வயதுக் கணக்கும் இடிக்கிறது. கூண்டில் வளர்ந்தாலும் சிறுத்தையின் ஆயுள் இருபது ஆண்டுகளை ஒட்டித்தான். 1976-ல் விடப்பட்டது 2000-ஐத் தாண்டி வாழ்ந்திருக்காது. இன்றும் உலவுகிறது என்றால் குட்டி போட்டுப் பெருகியிருக்க வேண்டும். பெருகியிருந்தால் வாகனத்தில் அடிபட்ட ஓர் உடலாவது கிடைத்திருக்க வேண்டாமா?

நிஜமாகவே இருக்கும் இடத்தில் விலங்கு அகப்படாமல் போவதில்லை. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கருஞ்சிறுத்தை வீட்டு வாசல் வரை வந்து போவதைக் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. பிரிட்டனிலேயே 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் யாரோ நான்கு லின்க்ஸ்களைச் சட்டவிரோதமாகத் திறந்துவிட்டார்கள். சில நாட்களுக்குள் நான்கும் பிடிபட்டன.

இதற்கு நடுவே 2024-ல் ஒரு செய்தி. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் இறந்து கிடந்த ஆட்டின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில், சிங்கம், புலி, சிறுத்தை அடங்கிய பேரினத்தின் மரபணு இருந்ததாக வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தெரிவித்தார். போட்மினிலிருந்து வெகுதூரம். ஒரே ஒரு மாதிரி. கேனிக் பூமாவைப் போலத் தப்பி வந்த ஒரு தனி விலங்கு அங்கே இருந்திருக்கலாம். நாற்பது ஆண்டுகளாகக் கார்ன்வாலில் ஒரு கருப்பு வம்சம் வாழ்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

ஆடுகளைக் கொன்றது யார்?

இத்தனைக்குப் பிறகும் செத்த ஆடுகள் செத்தவைதான். அவற்றைக் கொன்றது பெரும்பாலும் கட்டவிழ்ந்து திரியும் நாய்களாக இருக்கலாம். நோயில் இறந்ததை நரியும் காக்கையும் கிழித்துப் போட்டால், காலையில் பார்ப்பவருக்கு ஏதோ பெரிய விலங்கு அடித்தது போலத்தான் தோன்றும்.

நாய் கால்நடையைக் கொன்றால் அதை வைத்திருப்பவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1971-ன் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று சொல்கிறது. ஆனால் இருட்டில் வந்து போனது யாருடைய நாய் என்று எப்படி நிரூபிப்பது? மிருகத்தின் பெயரைச் சொன்னால் டிவிக்காரர்கள் வருவார்கள், அமைச்சகம் வரும், ஏன், ராணுவமே வரும். ‘பக்கத்து ஊர் நாய்’ என்று சொன்னால் யார் வருவார்கள்? போட்மின் மிருகம் இத்தனை காலம் செத்துப்போகாமல் இருப்பதில் இந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு. விசாரணை நடந்த அந்த ஆறு மாதத்தில் ஆட்டை இழந்த விவசாயிக்குக் கடைசியில் கிடைத்தது, ‘சிறுத்தைக்குச் சான்று இல்லை’ என்ற பதில் மட்டுமே. ஆட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.