ரோமாபுரி ராணி காசு

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, நாற்பது வருஷம் பால்மரம் வெட்டி, இப்போது ஈப்போவில் பேரன் வீட்டில் இருக்கும் பாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிக்காசை என் உள்ளங்கையில் வைத்தார். "ரோமாபுரி ராணி காசு, தம்பி. எங்க தாத்தா கரூர்லேருந்து கொண்டாந்தது. தோட்டத்து வாத்தியார் பார்த்துட்டு அப்படித்தான் சொன்னாரு. நீங்களும் பாருங்க."

காசு ஒரு விரல்நுனி அகலம். மேலே ஒரு வளையம் பற்றவைத்திருந்தது. ஒரு பக்கம் முழுக்க வழவழவென்று இருந்தது. மறுபக்கத்தில் ஒரு பெண் முகம். மூக்கும் கன்னமும் மழுங்கியிருந்தாலும் பெண் என்பதில் சந்தேகமில்லை.

வாத்தியார் சொன்னதைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் கரூர். அமராவதி ஆற்று மணலில் ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கிற ஊர் அது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவிலூர் காசுகளுக்கென்றே ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. வளையமும் தடை இல்லை. ரோமானியக் காசில் துளையிட்டும் வளையம் வைத்தும் நம்மவர்கள் நகையாக அணிந்திருக்கிறார்கள்.

ராணி என்பதற்கும் இடமிருந்தது. தமிழ்நாட்டில் அதிகம் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் ஒன்று திபேரியஸ் (கி.பி. 14–37) வெளியிட்டது. முன்பக்கம் அரசன் தலை. பின்பக்கம் ஒரு கையில் செங்கோலும் மறுகையில் கிளையுமாக அமர்ந்திருக்கும் பெண். அவள் திபேரியஸின் தாய் லிவியா என்று பலர் கொள்கிறார்கள். ஆனால் அவளைச் சுற்றியுள்ள எழுத்தில் அவள் பெயர் கிடையாது. மகன் தலைமைப் பூசாரி என்ற பட்டம்தான் இருக்கிறது.

ரோமானிய ராணி காசுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. அரசன் காசில் அவன் எத்தனையாவது முறை கான்சல், அதிகாரம் பெற்று எத்தனை வருஷம் என்ற எண்கள் இருக்கும், ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். ராணிக்கு அந்தப் பதவிகள் கிடையாது. அதனால் அவள் காசில் அந்த எண்களும் இல்லை. கொண்டையைப் பார்க்கவேண்டும், அதைவிடப் பட்டத்தைப் பார்க்கவேண்டும். மூத்த ஃபவுஸ்தீனா பெயருக்கு முன்னால் 'தீவா' என்றிருந்தால் அவள் இறந்து தெய்வமான பிறகு அடித்த காசு. அவள் இறந்தது கி.பி. 140 வாக்கில். கணவனான அரசன் அன்டோனினஸ் பயஸ் 161 வரை அவள் முகத்தைக் காசில் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரே ஒரு பட்டச்சொல் காலத்தை இரண்டாகப் பிளந்து காட்டிவிடுகிறது.

இந்தப் பாடத்தோடுதான் பாட்டியின் காசைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தேன். இடது ஓரத்தில் எழுத்துகள் நிழலாய் எழுந்தன. வி, ஐ, சி, டி, ஓ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விக்டோரியா! ரோமானியக் காசுகளில் நூற்றுக்கணக்கான தடவை வரும் சொல். அவள் வெற்றித் தெய்வம். அன்றிரவு வாத்தியார் கட்சி ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன்.

காலையில் ஒரு நெருடல். ரோமானிய முகங்கள் பெரும்பாலும் வலப்பக்கம் பார்க்கும். இவள் இடப்பக்கம் பார்த்தாள். அது மட்டும் போதாது என்று ஈப்போ லகாட் சாலைப் பக்கம் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். "வளையத்தைக் கழற்றிட்டுப் பார்ப்போமா?" என்றார். பாட்டியிடம் போனில் அனுமதி கேட்டுக் கழற்றினோம். பற்றாசு மூடியிருந்த இடத்தில், காசின் விளிம்பில், சீப்புப் பல் போல நெருக்கமான வரிகள் ஏழெட்டுத் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் தேய்ந்துபோக, அந்தப் பற்றாசு மட்டும் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. ரோமில் காசைச் சுத்தியலால் அடித்தார்கள். அந்த விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். அளவெடுத்த மாதிரி வரி போடுவது இயந்திரத்தின் வேலை. ரோம் கதை அங்கே முடிந்தது.

அப்படியானால் இவள் இங்கிலாந்து விக்டோரியா. சிக்கல் இப்போதுதான் ஆரம்பம். அந்த அளவில் அவள் முகம் போட்ட வெள்ளிக்காசுகளில் நம் கணக்கில் வருபவை இரண்டு. ஒன்று, இங்கே புழங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் பத்துக் காசு. மற்றது இந்தியக் கால் ரூபாய், நம் நாலணா. முதலாவதன் எடை 2.71 கிராம், இரண்டாவது 2.91. பத்தர் தராசில் நம் காசு 2.6. தேய்ந்த நாலணாவும் அந்த எடைக்கு இறங்கும், கொஞ்சம் தேய்ந்த பத்துக் காசும் இறங்கும். தராசு கைவிரித்துவிட்டது.

மறுபடியும் ராணியிடமே போனேன். நீரிணைக் காசில் கழுத்தோடு முடியும் வெறும் தலை. இந்தியக் காசில் கிரீடமும் அங்கியுமாக மார்பளவு உருவம். பாட்டியின் ராணிக்குத் தோள் இருந்தது! தோளின் மேல் துணிமடிப்பின் இரண்டு கோடுகளும் இருந்தன. வலது ஓரத்தில் எழுத்துகள் அழிந்து கடைசி இரண்டு மட்டும் மிச்சம். இரண்டும் பாம்பு போல நெளிந்தவை. எஸ், எஸ். நீரிணைக் காசில் அந்த இடத்தில் 'குயீன்' என்றிருக்கும், அதில் நெளிந்த எழுத்தே கிடையாது. இது 'எம்பிரஸ்', சக்கரவர்த்தினி.

பின்பக்கத்தில் ஆண்டு இருந்திருக்கவேண்டும், ஆனால் அந்தப் பக்கம்தான் வழவழப்பாகிவிட்டதே. ரோமானியப் பாடம் இங்கே கைகொடுத்தது. விக்டோரியா அரசியானது 1837. 1876 வரை இந்தியக் காசிலும் அவள் 'குயீன்'தான். 1877 ஜனவரி முதல் நாள் டெல்லி தர்பாரில் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டிலிருந்து காசிலும் பட்டம் மாறியது. 1901-ல் அவள் காலம் முடிந்தது. ஆக, ஆண்டே இல்லாத காசுக்கு ஆண்டு கிடைத்துவிட்டது. 1877-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது.

இதைக் குறிப்பேட்டில் எழுதும்போது 1877 என்ற எண்ணில் பேனா நின்றது. டெல்லியில் தர்பார் நடந்த அதே நேரத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். அதே 1877-ல் சிங்கப்பூரிலிருந்து ரப்பர் கன்றுகள் பேராக்குக்கு வந்தன. ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நட்டார்கள். அந்தக் கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. பட்டமும் பஞ்சமும் பால்மரமும் ஒரே ஆண்டில். பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் கதைக்கு அந்த மூன்றும் வேண்டியிருந்தன.

வளையத்தை மறுபடி பற்றவைத்துக் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரோமாபுரி இல்லை, நாலணா என்றதும் பேரனுக்கு முகம் வாடிவிட்டது. பாட்டி அசரவில்லை. "ராணிதானே?" என்றார்.

"ராணிதான் பாட்டி. ஆனா வருஷம் போட்ட பக்கம் ஏன் இப்படி வழவழன்னு போச்சு?"

அவர் கறுப்புக் கயிற்றில் காசைக் கோத்துக் கழுத்தில் போட்டுக் காட்டினார். ராணி வெளியே பார்த்தாள். மறுபக்கம் தோலோடு ஒட்டிக்கொண்டது. "எங்க பாட்டி போட்டாங்க, எங்கம்மா போட்டாங்க, நான் போட்டேன். விடியக்காலையிலே பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போறப்போ போட்டா மத்தியானம் பாலை நிறுத்துப் போடறவரைக்கும் வேர்வையிலே ஊறிக்கிட்டேதான் கிடக்கும்."

என் பதிவட்டையில் இரண்டு வரி எழுதினேன். இந்தியக் கால் ரூபாய், வெள்ளி, 1877–1901. குடும்பத்தில் வழங்கும் பெயர்: ரோமாபுரி ராணி காசு. மூன்றாவதாக 'தேய்மானம்' என்ற கட்டம் இருந்தது. வழக்கமாக அதில் 'மிகுதி' என்று ஒரு சொல் போடுவேன். இந்தத் தடவை 'மூன்று தலைமுறை' என்று எழுதினேன்.